மொழி கற்க ஒரு வீடு வேண்டும்!

ஒரு புது மொழியைக் கற்றுக்கொள்ள என்ன வேண்டும்?

நல்ல புத்தகம் வேண்டும் என்பார் ஒருவர். நல்ல ஆசிரியர் வேண்டும் என்பார் இன்னொருவர். கைபேசி ஒன்று இருந்தால் போதும் என்பான் இந்தக் காலத்து வாலிபன்.

மூன்றும் உதவும். ஆனால் இந்த மூன்றையும்விட முக்கியமாக ஒன்று வேண்டும். அதுதான் வீடு! அந்த மொழியிலே சிரிக்கிற, கோபப்படுகிற, "சாப்பிட வா" என்று கூப்பிடுகிற ஒரு வீடு.

மேல்நாட்டு மாணவர்கள் இந்த உண்மையைப் பணம் செலவழித்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஆரணி நெசவாளர் வீடுகளிலோ ஒரு காசு செலவில்லாமல் பல தலைமுறையாக இது நடந்து வருகிறது.

எப்படி? பார்ப்போம்.

கடல் கடந்த பள்ளிக்கூடம்

ஸ்பானிஷ் என்பது ஸ்பெயின் நாட்டு மொழி. ஆனால் அது ஸ்பெயினோடு நிற்கவில்லை. மெக்சிகோ முதல் அர்ஜெண்டினா வரை பல நாடுகளில் அதுதான் பேச்சு மொழி. உலகத்தில் ஏறக்குறைய 50 கோடிப் பேருக்கு அது தாய்மொழி.

மெக்சிகோவுக்குத் தெற்கே குவாதமாலா என்ற நாடு இருக்கிறது. அங்கே ஆன்டிகுவா என்று ஒரு பழைய ஊர். ஒரு காலத்தில் அதுவே தலைநகரம். 1773-ம் ஆண்டில் பெரிய பூகம்பம் வந்தது. ஊர் இடிந்தது. தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தலைநகர் என்ற பெருமை போனாலும், ஆன்டிகுவாவுக்கு இன்று வேறொரு பெருமை உண்டு. ஸ்பானிஷ் கற்க விரும்பும் வெளிநாட்டார் பலர் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். அங்குள்ள மொழிப் பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தினமும் நாலைந்து மணி நேரம் பேசுகிறார்கள்.

பாடம் அதோடு முடிவதில்லை. உண்மையில் அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்குகிறது!

மாணவர்களில் பலர் ஓட்டலில் தங்குவதில்லை. உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குகிறார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டார் சாப்பிடுவதையே அவர்களும் சாப்பிடுகிறார்கள். மக்காச்சோள ரொட்டி, கறுப்புப் பயறு. வீட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டால் அதையும் கேட்கிறார்கள்.

பல வீடுகளில் அந்த வீட்டு அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. இதைக் குறை என்று நினைக்கக் கூடாது. அதுவே பெரிய நன்மை! மாணவனுக்கு உப்பு வேண்டுமானால் ஸ்பானிஷில்தான் கேட்க வேண்டும். குளிக்க வெந்நீர் வேண்டுமானாலும் அப்படித்தான். காலையில் படித்த சொல் மத்தியானம் பயன்படாவிட்டால், உப்பில்லாமல் சாப்பிட வேண்டியதுதான்!

அந்த நாட்டில் சாப்பிட்டு எழுந்திருப்பவர், "கிராசியாஸ்" என்பார். நன்றி என்று பொருள். உட்கார்ந்திருப்பவர்கள், "புவென் புரோவெச்சோ" என்று பதில் சொல்வார்கள். சாப்பிட்டது நன்றாக உடம்பில் ஒட்டட்டும் என்பது போன்ற வாழ்த்து அது. இதைப் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் எந்த நேரத்தில், எந்தக் குரலில், யாரைப் பார்த்துச் சொல்வது என்பதைச் சாப்பாட்டு மேசைதான் சொல்லித் தரும்.

தமிழருக்கு எளிது எது? கடினம் எது?

"ஸ்பானிஷ் எங்கே, நாம் எங்கே!" என்று யாரும் மலைக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளையும் பெரியவரும் ஒரே "யூ"தான். தமிழில் நீ வேறு, நீங்கள் வேறு. ஸ்பானிஷிலும் அப்படித்தான்! நெருங்கியவரைத் "தூ" என்பார்கள். மரியாதைக்கு உரியவரை "உஸ்தெத்" என்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவருக்கு இது புதுப் பாடம். தமிழருக்கோ தொட்டில் பழக்கம்.

இன்னொன்று. "எனக்குப் பிடிக்கும்" என்று தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதையே "நான் விரும்புகிறேன்" என்ற மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் "மெ குஸ்தா" என்பார்கள். அந்த "மெ" என்பது நம் "எனக்கு"தான்.

சில சொற்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. மேசையை அவர்கள் "மேசா" என்கிறார்கள். சப்பாத்து "சப்பாத்தோ". அலமாரி "அர்மாரியோ". இது எப்படி வந்தது? பல நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த போர்ச்சுக்கீசியர் இந்தச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். போர்ச்சுக்கீசிய மொழியும் ஸ்பானிஷும் அக்காள் தங்கை மாதிரி. மேசை வந்தபோது மேசை என்ற சொல்லும் வந்தது. பொருள் வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே சொல்லும் நுழைந்தது. இதற்கு எந்த வாத்தியாரும் வகுப்பு நடத்தவில்லை!

கடினமும் உண்டு. தமிழில் மேசையும் நூலும் அஃறிணை. அதோடு சரி. ஸ்பானிஷில் ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். நூல் ஆண், பட்டு பெண். மேசை பெண், தறி ஆண். ஏன் என்று கேட்டால் திருப்தியான பதில் கிடைக்காது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். தவறாகச் சொன்னால் வீட்டுக் குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பு மறக்காது. சொல்லும் மறக்காது!

ஆரணித் தெருவில் நடப்பது என்ன?

இனி ஆரணிக்கு வருவோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அந்த ஊரில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. சௌராஷ்டிர மொழி பேசும் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு.

சௌராஷ்டிரர்களின் முன்னோர் குஜராத் பக்கத்திலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன் தெற்கே வந்தவர்கள். மதுரை, கும்பகோணம், சேலம், ஆரணி என்று பல ஊர்களில் தங்கினார்கள். வீட்டில் தங்கள் மொழியைப் பேசினார்கள். தெருவில் தமிழ் பேசினார்கள். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் பேர் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை நூற்றாண்டுகள் இந்த மொழி எப்படிப் பிழைத்தது? அரசாங்க உத்தரவாலா? இல்லை. பள்ளிக்கூடத்துப் பாடத்தாலா? அதுவும் இல்லை. அடுப்படியிலும் தறியடியிலும் பிழைத்தது!

கைத்தறி நெசவு தனி ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் தறியில் உட்கார்ந்தால், ஒருவர் ராட்டினத்தில் தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்டும்போது வீடே சேர்ந்து நிற்க வேண்டும். அறுந்த இழைக்கு முடி போட வேண்டும். வீட்டுக்குள் தறி இருந்தால் நாள் முழுவதும் பேச்சும் இருக்கும். "அந்த நாடாவை எடு", "இழை அறுந்திருக்கிறது பார்", "தார் தீர்ந்துவிட்டது" என்று ஓயாமல் பேச்சு.

பக்கத்தில் விளையாடும் குழந்தை இதையெல்லாம் கேட்கிறது. நாடா என்றால் என்ன என்று அதற்கு யாரும் விளக்கவில்லை. நாடா கண் முன்னே ஓடுகிறது. சொல் காதில் விழுகிறது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு குழந்தை தெருவுக்கு ஓடுகிறது. அங்கே வேறு மொழி. அதுவும் ஒட்டிக்கொள்கிறது.

ஆன்டிகுவாவில் மாணவர்கள் கட்டணம் கட்டிப் பெறுவது இதைத்தான்!

இரண்டு மொழி கற்றால் இரண்டும் அரைகுறையாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல இரண்டு பெயர்கள் போதும். ஒருவர் எம்.வி.வெங்கட்ராம். கும்பகோணத்துக்காரர். சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் கதை எழுதினார். "காதுகள்" என்ற நாவலுக்காக 1993-ம் ஆண்டு சாகித்திய அகாடமி பரிசு பெற்றார். இன்னொருவர் டி.எம்.சௌந்தரராஜன். மதுரையில் பிறந்தவர். அவருடைய வீட்டு மொழியும் சௌராஷ்டிரம். அவர் பாடிய தமிழின் தெளிவைப் புகழாத தமிழர் உண்டா?

வீட்டு மொழி தெருமொழியைக் கெடுக்கவில்லை. இரண்டும் கைகோத்து வளர்ந்தன.

அங்கேயும் தறி, இங்கேயும் தறி

இன்னொரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. ஆன்டிகுவாவுக்குப் பக்கத்து ஊர்களிலும் நெசவுதான் புகழ்! மாயன் இனப் பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுகிறார்கள். மறு முனையை வார் கொண்டு தங்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். தரையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். தாயைப் பார்த்து மகள் பழகுகிறாள்.

அவர்களுக்கும் வீட்டு மொழி வேறு. ஆன்டிகுவா வட்டாரத்தில் கக்சிகெல் என்பது அந்த மொழியின் பெயர். குவாதமாலாவில் இப்படி 22 மாயன் மொழிகள் இருக்கின்றன. சந்தைக்கும் பள்ளிக்கும் ஸ்பானிஷ், அடுப்படிக்குத் தாய்மொழி. ஆரணித் தெருவின் கதைதான் அங்கேயும்!

தரங்கம்பாடியும் மதுரையும்

வெளிநாட்டார் தமிழ் கற்ற கதையும் இதையே சொல்கிறது.

1706-ம் ஆண்டு சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. தமிழ் கற்கத் தோதான அச்சுப் புத்தகமும் அவர் கையில் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான தமிழ் ஆசிரியரைத் தேடிப் பிடித்தார். "உங்கள் பள்ளிக்கூடத்தை என் வீட்டிலேயே நடத்துங்கள்" என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினார்கள். பாதிரியாரும் அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் தமிழில் அச்சாகிவிட்டது!

இன்று மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் சொல்லித்தரும் நிலையம் இருக்கிறது. 1961-ல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கிப் படிக்கும் வசதியும் அங்கே உண்டு.

அப்படித் தங்குவதால் என்ன லாபம்? ஒரு சின்ன உதாரணம். வெளியே புறப்படும் மாணவி, "அம்மா, நான் போகிறேன்" என்பாள். இலக்கணப்படி அது சரியான வாக்கியம். ஆனால் வீட்டு அம்மாளுக்குப் பொறுக்காது. "அப்படிச் சொல்லாதே, கண்ணு! போய்ட்டு வரேன்னு சொல்லு" என்பார். அந்த நிமிஷத்தில் அவள் ஒரு சொல்லை மட்டும் கற்கவில்லை. போகிறவர் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கும் ஒரு மனத்தைக் கற்கிறாள். எந்த அகராதியில் இது கிடைக்கும்?

வீடு சத்திரம் அல்ல

ஒரு வீட்டில் தங்கிவிட்டால் மட்டும் மொழி வந்துவிடாது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் தன் ஊர்க்காரரோடு பேசிக்கொண்டிருந்தால் என்ன வரும்? அது வீடு அல்ல, சத்திரம்!

தங்குகிறவர் கூச்சத்தை விட வேண்டும். தப்பாகப் பேசத் துணிய வேண்டும். தட்டைக் கழுவி வைக்க வேண்டும். காய் நறுக்கும் இடத்தில் உட்கார வேண்டும். வேலையோடு வரும் சொல்தான் நிலைக்கும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. விருந்தாளி திணறும்போது உடனே ஆங்கிலத்துக்குத் தாவக் கூடாது. தவறைத் திருத்த வேண்டும். கேலி செய்யக் கூடாது.

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பாடத்தின் உண்மையான ஆசிரியை அந்த வீட்டுப் பெண்மணி. மூன்று வேளையும் சமைக்கிறார். ஒரே வார்த்தையை நாற்பது தடவை பொறுமையாகச் சொல்கிறார். அவருக்குச் சான்றிதழும் கிடையாது, பட்டமும் கிடையாது. அவருக்குச் சேர வேண்டிய பணம் குறையாமல் சேர வேண்டும். மரியாதையும் சேர வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிறார்கள். ஜெர்மனிக்குப் போகிறவர் ஜெர்மன் படிக்க வேண்டியிருக்கிறது. ஸ்பெயினுக்குப் போகிறவர் ஸ்பானிஷ் படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் போன இடத்தில் நாலு தமிழர் சேர்ந்து ஓர் அறை எடுக்கிறார்கள். சாம்பார் வைக்கிறார்கள். தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். ஆறுதலான வாழ்க்கைதான். ஆனால் அந்த ஊர்ப் பாஷை மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது!

"தெரியாத வீட்டில் பெண்ணை எப்படித் தங்க வைப்பது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தீர விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. வீட்டாரைப் பற்றி ஏற்பாடு செய்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன சாப்பாடு என்பதை முன்கூட்டியே பேச வேண்டும். வீடு பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், ஒரு மாதமாவது உள்ளூர்க் குடும்பத்தில் தங்குவது மிகவும் நல்லது. அறை எடுத்து ஒதுங்கி இருப்பவர் ஓராண்டில் கற்காததை அந்த ஒரு மாதம் கற்றுத் தரும்.

திறக்காத கதவு

வெளிநாட்டுக் கதையைப் பேசிவிட்டு, நம் வாசலைப் பார்க்காமல் இருக்கலாமா?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எத்தனையோ வாலிபர்கள் தமிழ்நாட்டுக்கு வேலை தேடி வருகிறார்கள். கட்டடம் கட்டுகிறார்கள். ஓட்டலில் பரிமாறுகிறார்கள். ஆலைகளில் வேலை செய்கிறார்கள். இவர்களில் பலர் தங்குவது கொட்டகையில். அல்லது பத்துப் பேர் படுக்கும் ஓர் அறையில். எந்தத் தமிழ் வீட்டுக்குள்ளும் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அவர்கள் கற்கும் தமிழ் என்ன? "வா", "போ", "தூக்கு", "சீக்கிரம்". அவ்வளவுதான். அது கட்டளைத் தமிழ்! "சாப்பிட்டாயா தம்பி?" என்ற தமிழ் அவர்கள் காதில் விழுவது அபூர்வம். பிறகு, "இத்தனை வருஷம் இருந்தும் தமிழ் பேச வரவில்லையே" என்று குறை சொல்கிறோம். கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே வரவில்லை என்று கோபித்துக்கொள்ளலாமா?

அமெரிக்க மாணவிக்கு "போய்ட்டு வரேன்" சொல்லிக் கொடுக்கும் வீடு, ஒடிசா வாலிபனுக்கும் அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். பொங்கலன்று ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் போதும். பத்துச் சொல் வரும். கூடவே ஒரு சிநேகமும் வரும்.

சாத்திக்கொள்ளும் இன்னொரு கதவும் உண்டு. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

விசைத்தறி வந்த பிறகு பல ஊர்களில் வீட்டுத் தறிகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது. கஷ்டப்பட்டவர்கள், தங்கள் பிள்ளைகள் நன்றாக வாழ வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் தறிச் சத்தம் நிற்கும்போது அதைச் சுற்றியிருந்த பேச்சும் நிற்கிறது. பேரனுக்கு வீட்டு மொழி எதற்கு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பாட்டி ஒரு மொழியில் பேசுகிறார். பேரன் வேறு மொழியில் பதில் சொல்கிறான். பிறகு பாட்டியும் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்.

தமிழுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, பத்திரிகை உண்டு, சினிமா உண்டு. சௌராஷ்டிரம் போன்ற மொழிகளுக்கு வீட்டைவிட்டால் பெரிய துணை கிடையாது. வீடு பேசாவிட்டால் அந்த மொழி எங்கே போகும்? நாளைக்கு அந்தப் பேரனே தன் பாட்டியின் மொழியைக் கற்க விரும்பலாம். அப்போது, காசு கொடுத்தாலும் தங்கிப் படிக்க ஒரு வீடு கிடைக்குமா?

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. சங்கமும் வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரம் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டு மொழியில் பேசினால் போதும். தாத்தா தன் தொழில் சொற்களைச் சொல்லட்டும். பாட்டி கதை சொல்லட்டும். பிள்ளை தப்பாகப் பேசினால் திருத்தட்டும்.

பிற மொழி கற்கக் கடல் கடந்து போகிறவர் போகட்டும். நல்ல வீடாகப் பார்த்துத் தங்கட்டும். நம் ஊருக்கு வந்தவருக்கு நம் வீட்டைத் திறப்போம். நம் வீட்டுப் பிள்ளைக்கு நம் வாயைத் திறப்போம்.

புத்தகம் ஒரு மொழியின் எலும்பைக் காட்டும். உயிரைக் காட்டுவது வீடுதான்!